மாங்கொட்டைச் சாறும் இரத்தக்குழாய்ச் செல்களும்: 400 மைக்ரோகிராமில் செல்கள் மீண்டது எப்படி?

பாலக்கோடு மாணவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் முதுநிலை உயிர்த்தொழில்நுட்பவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளின் பின்புறம் மலைபோல் குவிந்து கிடக்கும் கொட்டைகளைப் பார்த்துத்தான் என் ஆய்வுத் தலைப்பு தோன்றியது. பெங்களூரா ரகத்தின் கொட்டைகளை உடைத்து, பருப்பை நிழலில் உலர்த்திப் பொடித்து, 70 விழுக்காடு எத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தேன். அந்தச் சாறு இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் பெருகுவதைத் தடுக்குமா என்பதே ஆய்வின் கேள்வி.

எங்கள் கல்லூரியில் செல் வளர்ப்புக் கூடம் கிடையாது. ஆகவே பெங்களூரில் உள்ள தனியார் ஆய்வகம் ஒன்றுக்குக் கட்டணம் செலுத்தி, மனிதத் தொப்புள்கொடிச் சிரையின் எண்டோதீலியச் செல்களில், அதாவது உட்சுவர்ச் செல்களில், எத்தனை உயிருடன் உள்ளன என்று பார்க்கும் எம்டிடி பரிசோதனை செய்து வாங்கினேன். 48 மணி நேர முடிவு இது: மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அளவில் 81 விழுக்காடு செல்கள் உயிருடன் இருந்தன; 100இல் 62; 200இல் 44. ஆனால் 400 மைக்ரோகிராமில் அது 71 ஆக ஏறிவிட்டது. வளர்ப்புத் தட்டில் அந்த அளவு இட்ட மூன்று குழிகளிலும் ஏறக்குறைய அதே விழுக்காடுதான் வந்தது.

கடைசி அளவைப் பிழையெனக் கொண்டு நீக்கிவிட்டு, பாதி வளர்ச்சியைத் தடுக்கும் அளவு ஏறத்தாழ 170 மைக்ரோகிராம் என்று எழுதி, "இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் இயற்கை மருந்து" என்று முடிவுரை தருமாறு என் வழிகாட்டி கூறுகிறார். எனக்கு அது உறுத்தலாக இருக்கிறது. மருந்தை இரட்டிப்பாக்கினால் செல்கள் எப்படிப் பிழைக்கும்? அந்த அளவை நீக்குவது முறையா? மீதி எண்களையாவது நம்பலாமா? செல் வளர்ப்பில் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

ஓசூர் செல்வளர்ப்பு:

தங்கைக்கு வணக்கம். பெங்களூரில் மருந்து ஆய்வு நிறுவனம் ஒன்றின் செல் வளர்ப்புப் பிரிவில் 11 ஆண்டுகள் ஓசூரிலிருந்து தினமும் போய் வந்தவள் நான். முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: அந்த 400ஐ நீக்காதீர்கள். உங்கள் அட்டவணையில் உண்மையை உளறிக் கொட்டியிருக்கும் ஒரே எண் அதுதான். மூன்று குழிகளும் ஒத்துப் போயிருக்கும்போது அதைக் கைப்பிழை என்று சொல்வதற்கு இடமே இல்லை.

எம்டிடி என்பது மஞ்சள் நிற உப்பு. உயிருள்ள செல்லுக்குள் நடக்கும் வளர்சிதை மாற்றத்தில் எலக்ட்ரான்கள் கைமாறும்போது அந்த உப்பு அவற்றைப் பெற்று, ஃபார்மசான் என்ற ஊதா நிறப் படிகமாக மாறுகிறது. படிகத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அடர்த்தியை அளக்கிறோம். 1983இல் மோஸ்மன் வெளியிட்ட இந்த முறை எளிது, விலை குறைவு; அதனாலேயே எங்கும் பரவியது. ஆனால் அது செல்களை எண்ணுவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எலக்ட்ரான் எங்கிருந்து வந்தாலும் ஊதா வந்துவிடும். மாங்கொட்டைப் பருப்பில் நிறைந்திருப்பவை காலிக் அமிலமும் அதனோடு தொடர்புடைய டானின்களும். எலக்ட்ரானை வாரி வழங்கும் பொருள்கள் அவை. உங்கள் 400 மைக்ரோகிராம் குழியில் செல்கள் அடியோடு செத்துக் கிடந்திருந்தாலும், சாறே எம்டிடியை ஊதாவாக்கியிருக்கும். கருவி அதைப் பார்த்து, 71 விழுக்காடு உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, 400இல் நடந்தது 200இலும் 100இலும் நடக்காமல் இருந்திருக்காது என்பது. அங்கே சாறு உண்டாக்கிய நிறம் குறைவாக இருந்ததால் செல்களின் நிறத்தோடு கலந்து தெரியாமல் போயிருக்கும். அப்படியானால் 44 என்பது உண்மையில் 44ஐவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. 170 என்ற அளவு கீழிறங்கி எங்கே போய் நிற்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

இதைச் சரிபார்க்கப் பெங்களூருக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியதில்லை. செல்லே இல்லாமல் செய்கிற சோதனை இது. உங்கள் கல்லூரியில் 37 பாகை நீர்த்தொட்டியும் நிறமானியும் நிச்சயம் இருக்கும். வளர்ப்பூடகத்தில் அதே நான்கு அளவுகளில் சாற்றைக் கலந்து, எம்டிடி சேர்த்து, பெங்களூரில் எத்தனை மணி நேரம் வைத்தார்களோ அத்தனை மணி நேரம் இருட்டில் வையுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: பைகார்பனேட் சேர்ந்த ஊடகத்தைத் திறந்து வைத்தால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ஊடகம் காரத்தன்மை அடையும். காரத்தில் காலிக் அமிலம், டானின் போன்ற பாலிஃபீனால்கள் இன்னும் வேகமாக எலக்ட்ரானை இழக்கும். எனவே குழாய்களை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். கூடவே பாஸ்பேட் தாங்கல் கரைசலிலும் ஒரு வரிசை வையுங்கள்.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. காலிக் அமிலம் போன்ற பொருள்கள் வளர்ப்பூடகத்தில் உள்ள ஆக்சிஜனோடு தாமாகவே வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. செல்களைக் கொன்றது உங்கள் சாறா, அல்லது ஊடகத்தில் புதிதாக உருவான பெராக்சைடா என்பதை எம்டிடியால் பிரித்துச் சொல்ல முடியாது. ஊடகத்தில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். விளைவு மறைந்துவிட்டால், நீங்கள் கண்டது பிளாஸ்டிக் தட்டுக்குள் நடந்த வேதியியல். எங்கள் பிரிவில் ஒரு தேயிலைச் சாற்றை வைத்துக்கொண்டு நான்கு மாதங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம். கேட்டலேஸ் சேர்த்த அன்று மாலையே அந்த மகிழ்ச்சி முடிந்தது. அந்தக் கோப்பை மூடும்போது நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்றாவது, வளர்ச்சியை நிறுத்துவதும் செல்லைக் கொல்வதும் ஒன்றல்ல. "44 விழுக்காடு" என்பது மருந்து போடாத குழியோடு ஒப்பிட்ட கணக்கு. குழிக்கு 4,000 செல்கள் விதைத்து, 48 மணி நேரத்தில் மருந்தில்லாத குழியில் அவை 10,000 ஆகின என்று வைத்துக்கொள்வோம். மருந்துள்ள குழியில் 4,400 இருந்தால், ஒரு செல்லும் சாகாமல் பெருக்கம் மட்டும் ஏறக்குறைய நின்றிருக்கலாம். அதே குழியில் 1,500 இருந்தால் அது கொலை. இரண்டையும் பிரித்தறிய, மருந்து போடும் அந்த நேரத்திலேயே ஒரு தனித் தட்டை நிறுத்தி அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 60 செல் வகைப் பரிசோதனையில் இப்படித்தான் தொடக்க நேர அளவு எடுக்கிறார்கள். அவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சல்ஃபோரோடமைன் சாயம் செல்லின் புரதத்தில் ஒட்டுவது. செல்களை நிலைப்படுத்திக் கழுவிய பிறகே அந்தச் சாயத்தை இடுவதால், சாறு குறுக்கிடும் வாய்ப்பு மிகக் குறைவு. எதுவும் இயலாவிட்டால், செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் நீலம் போட்டு எண்ணும் கண்ணாடியில் செல்களை எண்ணுங்கள். கண் வலிக்கும், ஆனால் எண்ணியது எண்ணியதுதான்.

கொல்லாமல் நிறுத்துவது எப்படி இருக்கும் என்பதற்கு இந்தத் துறையில் ஒரு பழைய கதை உண்டு. கட்டிகள் வளரப் புது இரத்தக்குழாய்கள் வேண்டும், அவற்றைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971இல் எழுதியவர் பாஸ்டனின் ஜூடா ஃபோக்மன். அவருடைய ஆய்வகத்தில் டொனால்ட் இங்பர் வளர்த்துவந்த எண்டோதீலியச் செல் தட்டில் பூஞ்சை விழுந்துவிட்டது. நாமாக இருந்தால் பிளீச்சிங் கரைசலை ஊற்றித் தூக்கி எறிந்திருப்போம். அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சைக்கு அருகில் இருந்த செல்கள் சாகாமல், வடிவம் மாறி உருண்டிருந்தன. அந்தப் பூஞ்சையிலிருந்து ஃபியூமாஜில்லின் என்ற பொருள் கிடைத்தது. அதிலிருந்து உருவாக்கிய டிஎன்பி-470 பற்றிய கட்டுரை 1990இல் நேச்சர் இதழில் வந்தது. எண்ணைப் பார்ப்பதற்கு முன் செல்லைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, ஆய்வகத்திடம் கேட்டறிய வேண்டியவை: செல்கள் எத்தனையாவது பிரிப்பில் இருந்தன (பிரிப்பு என்பது வளர்ந்த செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவது; இந்தச் செல்கள் ஐந்தாறு பிரிப்புகளுக்குப் பின் தம் இயல்பை இழக்கத் தொடங்கும்), தட்டுக்கு ஜெலட்டின் பூசினார்களா, சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ இறுதியில் எத்தனை விழுக்காடு. அரை விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் அதுவே ஒரு மருந்து.

காவேரிப்பட்டணம் பழைய ஆசிரியர்:

விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், செல் வளர்ப்புக் கூடமே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு வழியைக் கூறுகிறேன். கோழிக்கருவின் மூச்சுச் சவ்வில் இரத்தக்குழாய்கள் கிளைவிட்டுப் பரவுவதைக் கண்ணாலேயே காணலாம். அடையில் வைத்த மூன்றாம் நாள் ஊசியால் இரண்டு மூன்று மில்லிலிட்டர் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால், கரு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். பிறகு ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, ஒட்டு நாடாவால் மூடி மீண்டும் அடையில் வைக்க வேண்டும். எட்டாம் நாள் அளவில், மருந்து தோய்த்து உலர்த்திய சிறு வடிதாள் வட்டத்தைச் சவ்வின் மேல் வைத்து, இரண்டு நாள் கழித்து அதைச் சுற்றியுள்ள கிளைகளை எண்ணலாம்.

அம்மா, கடையில் விற்கும் நாமக்கல் முட்டையை வாங்கி ஏமாந்துவிடாதீர்கள். கூண்டில் சேவல் இன்றி வளரும் கோழிகள் இடும் முட்டை அது. அதில் கரு உருவாகாது. என்னிடம் படித்த ஒரு மாணவர் இரண்டு அட்டை முட்டைகளை வாங்கி ஐந்து நாள்கள் அடைகாத்துவிட்டு, கருவி பழுது என்று என்னிடம் வந்து நின்றார். கருக்கூடிய முட்டைக்குக் குஞ்சு பொரிப்பகத்தையோ, மத்திகிரியில் உள்ள கோழியினக் கல்லூரியையோ அணுகிக் கேளுங்கள். ஊரில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடமும் கிடைக்கும். ஆனால் அவற்றின் வயது ஒரே சீராக இருக்காது. நான்காம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், சிலந்திக் கால்போல் சிவப்பு நரம்புகள் தெரியும் முட்டை மட்டுமே தேறும். 37.5 பாகை வெப்பம் விடாமல் இருக்க வேண்டும். சித்திரை மாத மின்வெட்டில் எங்கள் அடைகாப்பானைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, வெந்நீர்ப் புட்டிகளை அடுக்கிக் காப்பாற்றிய இரவுகள் உண்டு. தொடங்குமுன் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் சாற்றுக்கு இம்முறையில் ஒரு பெரும் பொறி இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அந்நாளில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டார்களே, அந்தப் பட்டையில் வேலை செய்தது டானின். புரதத்தைப் பிணைத்து இறுக்குவது அதன் இயல்பு. மாங்கொட்டைப் பருப்பை மென்றால் வாய் துவர்த்து இழுப்பதும் அதே காரணத்தால். டானின் மிகுந்த சாற்றைச் சவ்வின் மேல் வைத்தால், அந்த இடம் வெளிறி, குழாயற்ற வெண்திட்டாகத் தெரியக்கூடும். பார்ப்பவர் "வளர்ச்சி தடுக்கப்பட்டது" என்று எழுதிவிடுவார். நடந்ததோ தோல் பதனிடுதல். ஆகவே அதே எடைக்குத் தூய டானிக் அமிலம் தோய்த்த வட்டம் ஒரு தொகுதி, டானினை நீக்கிய சாறு ஒரு தொகுதி, கரைப்பான் மட்டும் ஒரு தொகுதி என்று வைக்க வேண்டும். பாலிவினைல் பாலிபைரோலிடோன் தூளைச் சாற்றில் கலக்கி வடிகட்டினால் டானினின் பெரும்பகுதி அதனோடு போய்விடும்.

வெறும் தாள் வட்டமே சவ்வை உறுத்திக் குழாய்களைத் தன் பக்கம் இழுப்பதும் உண்டு. கிளைகளை எண்ணுபவருக்கு எந்த முட்டையில் எது இருக்கிறது என்று தெரியக்கூடாது. இதை நான் வலியுறுத்திக் கூறுவதற்குக் காரணம், நான் எண்ணும்போது என் கண்ணே எனக்குச் சாதகமாக எண்ணியதை ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்.

தருமபுரி மருந்தியல்:

மேலே இருவரும் கூறியவற்றை ஏற்கிறேன். எனினும் அம்மையார் ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டார்: எந்தச் செல்லை நிறுத்த வேண்டும் என்ற கேள்வியை. இரத்தக்குழாயில் உட்சுவரை ஓடு பாவியதுபோல் மூடியிருப்பது எண்டோதீலியம்; அதற்கு வெளியே சுற்றியிருப்பது மென்தசை. ஒன்றின் வளர்ச்சியைத் தடுப்பது ஒரு நோய்க்கு மருந்து. மற்றொன்றைத் தடுப்பது வேறொரு நோய்க்கு மருந்து. தவறான செல்லைத் தடுத்தால் அதுவே ஆபத்து.

1977இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். விரித்த குழாய் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் மீண்டும் சுருங்கியது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் காயமடைந்த சுவரில் மென்தசைச் செல்கள் பெருகியது. அதைத் தடுக்கும் மருந்தைத் தேடி எத்தனையோ பொருள்கள் ஆய்வகத்தில் வென்றன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் எலியின் தமனியில் மென்தசைப் பெருக்கத்தைத் தடுத்தது என்று 1977இலேயே காட்டப்பட்டது; நோயாளிகளிடம் அது பயன்படவில்லை. சிலாசாப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்து 1989இல் எலிகளில் அருமையாக வேலை செய்தது. 1992இல் வெளியான மனிதப் பரிசோதனையில் அதனால் ஒரு பயனும் இல்லை. எலிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிகிராம், அதுவும் காயத்துக்கு முன்பே தொடங்கிக் கொடுத்தார்கள். மனிதருக்கு நாளொன்றுக்கு மொத்தமே 10 மில்லிகிராம்.

இந்த அளவுக் கணக்கை உங்கள் சாற்றுக்குப் போட்டுப் பாருங்கள். காலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 170. உங்கள் சாறு முழுவதும் அதுவாகவே இருப்பதாக வைத்துக்கொண்டால், மில்லிலிட்டருக்கு 170 மைக்ரோகிராம் என்பது சரியாக ஒரு மில்லிமோலார், அதாவது ஆயிரம் மைக்ரோமோலார். வாய்வழி உட்கொண்ட இத்தகைய பொருள் இரத்தத்தில் சில மைக்ரோமோலார் அளவுக்கு ஏறினாலே அது அதிகம். இடையில் நிற்பது நூறு மடங்குக்கும் மேலான தூரம். அறிக்கையில் "மருந்து" என்ற சொல் இருக்கக்கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இறுதியில் மென்தசைச் சிக்கலைத் தீர்த்தது, ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பெற்ற சிரோலிமஸ். செல் பிரிவதற்கு முந்திய கட்டத்திலேயே அதை நிறுத்திவைக்கும் மருந்து அது. அதை, விரித்த குழாயைத் தாங்கி நிற்கும் கம்பி வலையான ஸ்டென்டின் மேல் பூசி, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கசியச் செய்ததால், இரத்தத்தில் அளவு ஏறுமா என்ற சிக்கலே எழவில்லை. 2003இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மீண்டும் சுருங்குவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2006 வாக்கில் வேறொரு கவலை தலைதூக்கியது. மென்தசையை நிறுத்திய அதே மருந்து, ஸ்டென்டின் கம்பிகளை மூட வேண்டிய எண்டோதீலியத்தையும் தாமதப்படுத்தியது; மூடாத கம்பியின் மேல் இரத்தம் உறைந்தது. நம் ஊரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களிடம் இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது என்று கண்டிப்பாகக் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆதலால் எண்டோதீலியத்தில் மட்டும் சோதித்த முடிவைக் கொண்டு நல்லது, கெட்டது என்று கூற இயலாது. மென்தசைச் செல், இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல் ஆகியவற்றிலும் அதே தட்டில், அதே நாளில் சோதிக்க வேண்டும். மூன்றையும் ஒரே அளவில் நிறுத்தினால், உங்கள் கையில் இருப்பது பொதுவான நஞ்சு.

ஓசூர் செல்வளர்ப்பு:

ஐயா கூறியது சரி. ஒப்பீட்டுச் செல்லை நான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஒரு திருத்தம். முதுநிலை மாணவியின் கைக்காசில் மூன்று செல் வகைகளைச் சோதிப்பது நடக்கிற காரியமா? ஒரே ஒரு கூடுதல் பரிசோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பேன். ஊடகத்தில் செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் சீரத்தை (இரத்த நீரை) குறைத்து எண்டோதீலியச் செல்களைப் பட்டினி போட்டு, பிறகு விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் அளவில் சேர்த்தால், பெருக்கம் கூடும். செல்லைக் கொல்லாத குறைந்த அளவுச் சாறு அந்தக் கூடுதலை மட்டும் அழிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தக்குழாய் வளர்ச்சியோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வி அதுதான்.

2004இல் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது செல்லைத் தொடுவதே இல்லை. ஊடகத்தில் மிதக்கும் விஇஜிஎஃபைப் பிடித்து முடக்குகிறது. விஇஜிஎஃப் சேர்க்காத சாதாரண எம்டிடி தட்டில் அதைப் போட்டால், அது செய்வதற்கு அநேகமாக ஒரு வேலையும் இருக்காது. இந்தத் துறையின் புகழ்பெற்ற மருந்து தோற்றுப்போகக்கூடிய ஒரு பரிசோதனையில்தான் நம் மாங்கொட்டை "வென்றிருக்கிறது".

தருமபுரி மருந்தியல்:

ஏற்கிறேன். செலவைப் பற்றி நான் யோசிக்கவில்லை. விஇஜிஎஃப் பரிசோதனையை முதலில் வைக்கலாம். ஒப்பீட்டுச் செல் இல்லாத குறையை அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

பாலக்கோடு மாணவி:

அக்காவுக்கும் ஐயாமார் இருவருக்கும் நன்றி. நேற்றுக் கல்லூரியிலேயே செல் இல்லாத சோதனையைச் செய்து பார்த்தேன். குழாய்களை விளிம்புவரை நிரப்பி மூடி, மூன்று மணி நேரம் நீர்த்தொட்டியில் இருட்டில் வைத்தேன். சாறு சேர்க்காத குழாய் மஞ்சளாகவே இருந்தது. 50இல் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. 100இல் இலேசான பழுப்பு. 200இல் ஊதா தொடங்கியது. 400இல் நாவற்பழச் சாறுபோல் அடர்ந்துவிட்டது. பாஸ்பேட் தாங்கல் கரைசலிலும் ஏறக்குறைய இதேதான், சற்று மங்கலாக. வழிகாட்டியை அழைத்து வந்து காட்டினேன். வெகுநேரம் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதல் தட்டின் மூல அளவுகளை வாங்கி வை" என்று மட்டும் கூறினார்.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள். நேற்று நிறமானியில் கிடைத்த அளவுகளை, பெங்களூர் முடிவிலிருந்து கழித்துத் திருத்திய விழுக்காட்டைப் போடலாமா? வாய்மொழித் தேர்வுக்கு ஏழு வாரங்களே இருக்கும் நிலையில், தலைப்பை எப்படி மாற்றுவது?

ஓசூர் செல்வளர்ப்பு:

கழிக்கக் கூடாது. நிறமானிக் குழாயில் ஒளி கடக்கும் தூரம் வேறு, 96 குழித் தட்டில் வேறு. ஊடகமும் சீரத்தின் அளவும் ஒன்றாக இருந்தனவா என்பதும் தெரியாது. நேற்றைய சோதனை, சாறு குறுக்கிடுகிறது என்பதைக் காட்டியது. எவ்வளவு குறுக்கிடுகிறது என்பதைப் பெங்களூர்த் தட்டிலேயே, செல் இல்லாத குழிகளை வைத்துத்தான் அளக்க முடியும். அடுத்த முறை எம்டிடி சேர்ப்பதற்கு முன் சாறு கலந்த ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, தாங்கல் கரைசலால் இரண்டு முறை மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பிப்பெட்டை வேகமாகப் பாய்ச்சினால் செல்களும் பெயர்ந்து போய்விடும், பிறகு அதுவும் ஒரு "தடுப்பு" ஆகிவிடும்.

தலைப்புக்கு என் பரிந்துரை: "மாங்கொட்டைப் பருப்புச் சாற்றை எண்டோதீலியச் செல்களில் சோதிக்கும்போது எம்டிடி முறையில் நேரும் குறுக்கீடு". இதற்குத் தேவையான பாதித் தரவு உங்களிடம் இப்போதே இருக்கிறது. டானின் நீக்கிய சாற்றையும் இதே செல் இல்லாத முறையில் சோதித்துச் சேர்த்தால் போதுமானதாக இருக்கும். அதற்கு ஏழு வாரம்கூட வேண்டாம்.

இன்னொன்று, பெரும்பாலான ஆய்வகங்கள் எம்டிடி சேர்ப்பதற்கு முன் நுண்ணோக்கியில் படம் எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டால்தான் தருவார்கள். மூல அளவுகளோடு அவற்றையும் கேளுங்கள். படங்கள் வந்ததும் இங்கே இணையுங்கள், 400 மைக்ரோகிராம் குழியை முதலில் பார்ப்போம்.